பொம்மை ரயிலும் ரிங் ஃப்ரேமும்

நவராத்திரி மூன்றாம் நாள் ராத்திரி எட்டு மணி இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போன். மாட வீதியில் ஒரு வீடு. அந்த வீட்டுக் கிணற்று மோட்டாருக்கு எது வந்தாலும் பத்து வருஷமாக நான்தான் போய்ப் பார்ப்பேன். மோட்டார்தான் நின்றுவிட்டதோ என்று எடுத்தேன்.

"மோட்டார் நன்னாத்தான் இருக்கு. ரயில்தான் மூணு நாளா பலகையிலேர்ந்து குதிக்கறது. வெத்தலை பாக்கு வாங்க வர்றவா யார் கால்லயாவது விழுந்துடுமோன்னு பயமா இருக்கு. நீங்க வந்து ஒரு தரம் பார்க்கணும்" என்றார் அந்த வீட்டு மாமி.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 12 கிலோமீட்டர். மறுநாள் காலை ஷிப்ட் முடிந்து நேராகப் போனேன். கூடத்தில் ஒன்பது படி கொலு. பக்கத்தில் இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு, மேலே பிளைவுட் பலகை வைத்து, 'பார்க்' போட்டிருந்தார்கள். முளைக்கீரை வயல், கண்ணாடித் துண்டில் ஒரு குளம், செட்டியார் கடை, அவற்றைச் சுற்றி ஒரு நீள்வட்டத் தண்டவாளம். ரயில், ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகன் அனுப்பியது. 87-இல் ஒரு பங்கு அளவு. ஹெச்.ஓ. என்று அதற்குப் பெயர். தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். எஞ்சின் என் உள்ளங்கைக்குள் அடங்கியது. முன்பக்கத்து பஃபர் ஒன்று உடைந்திருந்தது.

பேரனுக்கு ஒன்பது வயது. கையில் கன்ட்ரோலர். "ஓட்டிக் காட்டு தம்பி" என்றேன். குமிழை ஒரே மூச்சில் கடைசி வரை திருப்பினான். எஞ்சினும் மூன்று பெட்டிகளும் கீரை வயலைச் சுற்றிப் பறந்தன. செல்போனில் நேரம் பார்த்தேன். ஒரு சுற்றுக்கு ஏழு விநாடி. மாமியின் தையல் டேப்பை வாங்கித் தண்டவாளத்தை அளந்தேன். ஒரு சுற்று நான்கு மீட்டர். நான்கை ஏழால் வகுத்து, 87-ஆல் பெருக்கி, மணிக்குக் கிலோமீட்டராக்கினால் 179 வருகிறது. நிலக்கரிக் காலத்துச் சின்ன டாங்க் எஞ்சினின் மாதிரி அது. நிஜ எஞ்சின் தன் ஆயுளில் அந்த வேகத்தைக் கனவிலும் கண்டிருக்காது.

ஊஞ்சலில் இருந்த பெரியவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். விருதுநகர், தென்காசி மார்க்கம் மீட்டர் கேஜாக இருந்த காலத்தில் இந்த வட்டாரத்திலேயே வேலை பார்த்தவர். "நம்ம ஸ்டேஷனுக்குள்ள எந்த வண்டி இப்படி நுழைஞ்சிருக்கு? பிளாட்பாரத்தைப் பார்த்ததும் மூச்சு வாங்கிண்டு வரணும். அதுதான் வண்டி" என்றார். பேரனிடம் மெதுவாக ஓட்டு என்று மூன்று நாளாகச் சொல்லிப் பார்த்துவிட்டார்களாம். குழந்தையைக் குற்றம் சொல்ல நான் ஒப்ப மாட்டேன். குமிழ் அந்த இடம் வரை திரும்பும் என்றால், அந்த இடம் வரை ஒரு கை திருப்பத்தான் செய்யும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது மில்.

பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய நாளிலிருந்து எங்கள் ஊரின் காதுக்கு ஸ்பிண்டில் சத்தம் பழக்கம். இந்த வட்டாரத்து மில்களில்தான் என் பிழைப்பு, எலக்ட்ரிக்கல் பிரிவில். நான் சேர்ந்த புதிதில், நூல் நூற்கும் ரிங் ஃப்ரேமின் வேகம் இரும்பில் இருந்தது. மோட்டாரின் தண்டில் மாட்டியிருக்கும் புல்லி எத்தனை அங்குலமோ, அதுதான் வேகம். கூட்ட வேண்டுமென்றால் மெஷினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, புல்லியை இழுத்தெடுத்து, பெரிய புல்லியை மாட்ட வேண்டும். ஃபிட்டர் வேண்டும், மேஸ்திரி சம்மதம் வேண்டும், அரை ஷிப்ட் உற்பத்தி போகும். அதனால் ஒருவரும் மனம்போன போக்கில் வேகத்தைத் தொடுவதில்லை.

பிறகு டிரைவ் வந்தது. மின்சாரத்தின் ஹெர்ட்ஸை மாற்றி மோட்டாரின் வேகத்தை மாற்றும் பெட்டி. மிக நல்ல சாமான். அது வந்த பிறகுதான், காப் என்ற நூற்கண்டின் அடிப்பாகம் கட்டும்போது மெதுவாகவும், நடுவில் முழு வேகத்திலும், நுனிக்கு வரும்போது மறுபடி குறைத்தும் ஓட்ட முடிந்தது. நூல் அறுவது குறைந்தது. ஆனால் இரும்பில் இருந்த எல்லை அன்றோடு எண்ணாகிப் போனது. நான்கு பட்டனை அழுத்தத் தெரிந்தவர் எவரும் அதைத் தாண்டலாம்.

ஒரு மில்லில் ஒரு தீபாவளிக்கு முன்னால் ஆர்டர் அவசரம். ராத்திரி ஷிப்டில் யாரோ டிரைவின் உச்ச அளவை 48 ஹெர்ட்ஸிலிருந்து 52-க்கு ஏற்றிவிட்டார்கள். கணக்குக்கு எட்டு சதவீதம்தான். ஸ்பிண்டில் நிமிஷத்துக்கு 16,600 சுற்றிலிருந்து 18,000-க்குப் போனது. நூலை இழுத்துக்கொண்டு ரிங்கின் மேல் ஓடும் டிராவலர் என்ற சின்னக் கம்பி வளையத்துக்கு அது எட்டு சதவீதம் இல்லை. வெளியே தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். பதினேழு சதவீதம் கூடுதல் அழுத்தம். விடியும்போது டிராவலர்கள் கருகி, எரிந்த வாடை வந்தது. நூல் சரம் சரமாக அறுந்துகொண்டிருந்தது. அந்த வரிசையைப் பார்த்துக்கொள்ளும் சைடர் அக்கா என்னிடம், "என்னண்ணே, மெஷினு ராத்திரிப் பூரா பேய் மாதிரி ஓடுது, முடிச்சுப் போட்டுப் போட்டு விரலு ரத்தம் கட்டிருச்சு" என்று கையை விரித்துக் காட்டினார். ஆட்காட்டி விரலின் நுனியில் நூல் அறுத்த கோடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. பட்டனை அழுத்தியவர் யாரோ, விலை கொடுத்தது அந்த விரல்.

அன்றிலிருந்து எந்த டிரைவை நான் நிறுவினாலும் முதல் வேலை, உச்ச ஹெர்ட்ஸைப் போட்டு, கடவுச்சொல்லால் பூட்டி, எண்ணைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவது. ஓட்டுகிறவரின் நிதானத்தை நம்பி மெஷினின் எல்லையை விடக்கூடாது. ஓட்டுகிறவர் மேல் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. ராத்திரி மூன்று மணிக்கு நெருக்கடி தாங்காமல் நிற்கும் மனிதரிடம் அந்தத் தீர்மானத்தை விடுவது அவருக்கே அநியாயம்.

அதனால், மாட வீதிக் கூடத்தில் எஞ்சினைக் கையில் எடுத்தபோது எனக்கு முதலில் தோன்றிய கேள்வி: இதற்குள் உச்ச எண் எங்கே இருக்கிறது?

இருந்தது. இந்த ரகத்துக்கு டி.சி.சி. என்று பெயர், டிஜிட்டல் கமாண்ட் கன்ட்ரோல். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் வகுத்த முறையை அடிப்படையாக வைத்து, அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990களில் அதைத் தரவிதியாக்கியது. பழைய பொம்மை ரயிலில் தண்டவாளத்து வோல்ட்டைக் கூட்டினால் வேகம் கூடும். இதில் தண்டவாளத்தில் எப்போதும் முழு வோல்ட். அந்த மின்சாரமே நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை திசை மாறி மாறி, கட்டளையையும் சுமந்துகொண்டு போகிறது. பாதித் துடிப்பு 58 மைக்ரோவிநாடி என்றால் ஒன்று, 100 என்றால் சுழி. எஞ்சினுக்குள் விரல் நகம் அளவு ஒரு டிகோடர் அதைப் படித்து, மோட்டாருக்கு எவ்வளவு விட வேண்டுமோ அவ்வளவு வெட்டி வெட்டி விடுகிறது. எங்கள் மில் டிரைவ் சுருங்கி எஞ்சினுக்குள் உட்கார்ந்தது மாதிரிதான் எனக்குத் தோன்றியது.

டிரைவில் பாராமீட்டர் என்போம். இதில் சி.வி. என்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், அதற்குள் 0 முதல் 255 வரை ஒரு மதிப்பு. சி.வி.2 புறப்படும் அளவு. சி.வி.5 உச்ச அளவு. சி.வி.6 குமிழ் பாதியில் இருக்கும்போது உள்ள அளவு. புறப்பாடு, நடு, உச்சம். காப்பின் அடி, நடு, நுனி என்று மூன்று இடத்தில் வேகம் குறித்துப் பழகிய கைக்கு இதில் புதிதாகக் கற்க ஒன்றும் இல்லை.

பெரியவரிடம் கேட்டேன்: "இந்த வண்டி என்ன வேகத்துல போகணும் சார்?" கண்ணை மூடி யோசித்துவிட்டு, "அறுபது. அதுக்கு மேல வேண்டாம்" என்றார். மணிக்கு 60 கிலோமீட்டரை 87-ஆல் வகுத்தால் விநாடிக்கு சுமார் 19 சென்டிமீட்டர். நான்கு மீட்டர் சுற்றை 21 விநாடியில் சுற்ற வேண்டும். ஏழு விநாடி, இருபத்தொன்றாக வேண்டும். மூன்றில் ஒரு பங்கு. 255-இல் மூன்றில் ஒன்று 85. எஞ்சினைத் தனித் தண்டவாளத்தில் வைத்து சி.வி.5-இல் 85 எழுதினேன். (எண்களைப் படிக்கவும் எழுதவும், மற்ற எஞ்சின் எதுவும் இல்லாத துண்டுத் தண்டவாளம் வேண்டும். இல்லாவிட்டால் நிற்கிற எஞ்சின் எல்லாவற்றிலும் அதே எண் ஏறிவிடும்.)

ஓட்டினோம். ஏழே விநாடி. ஒரு மாற்றமும் இல்லை.

மறுபடி எழுதினேன். படித்துப் பார்த்தேன். 85 என்றே காட்டியது. எண் உள்ளே போயிருக்கிறது, எஞ்சின் மதிக்கவில்லை. மில்லில் இப்படி நேர்ந்தால், டிரைவ் வேறொரு இடத்திலிருந்து உத்தரவு எடுக்கிறது என்று அர்த்தம். பொதுவான அமைப்புகள் இருக்கும் சி.வி.29-ஐப் படித்தேன். 22. அதைப் பிரித்தால் 16, 4, 2. அந்தப் பதினாறுதான் காரணம். அது இருந்தால் டிகோடர் சி.வி.2, 5, 6 மூன்றையும் ஒதுக்கிவிட்டு, சி.வி.67 முதல் 94 வரை இருபத்தெட்டு எண்கள் கொண்ட தனி வேக அட்டவணையைப் பார்க்கும். பதினாறைக் கழித்து 6 எழுதினேன். எஞ்சின் அடங்கியது.

ஒரு சுற்று 24 விநாடி. கணக்குப்படி 21 வர வேண்டும், மூன்று விநாடி கூடுதல். மோட்டாரும் பல்சக்கரமும் உராய்வை வெல்லவே கொஞ்சம் மின்சாரத்தைத் தின்றுவிடும். உச்சத்தில் அது தெரியாது, குறைக்கக் குறைக்கத் தெரியும். அதனால் நேர் விகிதக் கணக்கு எப்போதும் கொஞ்சம் மெதுவாகவே கொண்டுபோய் விடும். 88, 90, 92 என்று ஏற்றினேன். 92-இல் இருபத்தொரு விநாடி. பெரியவர் ஊஞ்சலை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பையன் முகம் வாடிவிட்டது. "பாதி திருப்பினாலே போதுமா? அப்புறம் திருப்பினா ஒண்ணுமே ஆகலையே மாமா" என்றான். சரியாகப் பிடித்தான். சி.வி.6-இல் பழைய 88 அப்படியே இருந்தது. உச்சம் 92, நடு 88. பாதிக் குமிழிலேயே எல்லாம் முடிந்துபோகிறது. நடுவை 40 ஆக்கினேன். சி.வி.2-க்கு 6. இப்போது குமிழின் முதல் கோட்டிலேயே எஞ்சின் எறும்பு மாதிரி நகர்ந்தது. முன்பு 179 கிலோமீட்டருக்குப் பரவியிருந்த அதே 128 படிகள், இப்போது 60 கிலோமீட்டருக்குள் நெருங்கி உட்கார்ந்துவிட்டன. உச்சத்தைக் குறைத்ததால் அவனுக்குக் கிடைத்த லாபம் இதுதான். செட்டியார் கடைக்கு நேரே எஞ்சினை நிறுத்திக் காட்டினான். நான்காவது தடவை ஒரு விரல் அகலம்கூடத் தள்ளாமல் நின்றது. அப்புறம் அவனுக்கு வேகம் ஞாபகமே இல்லை.

தண்டவாளத்தையும் பார்த்தேன். எஞ்சின் வளைவில் சாய்ந்து விழவில்லை. இரண்டு பெஞ்சுக்கும் நடுவில் பலகை லேசாகத் தூக்கி, ஓர் இணைப்பு மயிரிழை அளவு உயர்ந்திருந்தது. ஏழு விநாடி வேகத்தில் அந்தப் படியில் முன்சக்கரம் எகிறிவிடுகிறது. பழைய கல்யாணப் பத்திரிகையைக் கிழித்து அடியில் கொடுத்துச் சமப்படுத்தினேன். ஆனாலும் கொலு வீட்டில் ராத்திரிக்குள் பத்துப் பேர் அந்தப் பெஞ்சில் கை ஊன்றுவார்கள், இணைப்பு மறுபடி எழும்பும். வேக எல்லை, பாதை கெட்டிருக்கும் நாளையும் தாங்கும்படி இருக்க வேண்டும். ரிங் ஃப்ரேமிலும் நான் எல்லையை நல்ல பஞ்சுக்கு வைப்பதில்லை, வருஷத்தில் வரும் மோசமான பஞ்சுக்கு வைப்பேன்.

அன்று பேசிக்கொண்டிருந்தபோது பெரியவர் ஆடிப்பூரத் தேரைப் பேச்சுக்குள் இழுத்தார். ஆண்டாள் தேரின் வடத்தை ஆயிரக்கணக்கில் பிடித்து இழுப்பார்கள். சக்கரத்துக்கு அருகில் முட்டுக்கட்டையோடு குனிந்து நடப்பவர்கள் சிலர்தான். தேர் திரும்புவதும் நிற்பதும் அவர்கள் கையில். "வடம் பிடிக்கறவன் வேகத்தைக் கொடுப்பான். கட்டை போடறவன்தான் கணக்குப் பார்ப்பான்" என்றார். நானும் சின்ன வயதில் வடம் பிடித்திருக்கிறேன். கூட்டத்துக்குள் இருக்கும்போது தேர் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதே தெரியாது. சக்கரத்தின் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

நிறுத்துவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். சி.வி.3 வேகம் ஏறும் நிதானம், சி.வி.4 இறங்கும் நிதானம். தரவிதிப்படி எண்ணை 0.896-ஆல் பெருக்கினால், முழு வேகத்துக்கு ஏறவோ அங்கிருந்து நிற்கவோ ஆகும் விநாடி கிடைக்கும். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். சி.வி.3-க்கு 8 கொடுத்தேன், சுமார் ஏழு விநாடி. புறப்படும்போது பெரியவர் சொன்ன மூச்சு வாங்கல் வந்துவிட்டது. சி.வி.4-ஐயும் கூட்டலாமே என்றார். மறுத்துவிட்டேன். குமிழைச் சுழிக்குத் திருப்பிய பிறகும் பத்து விநாடி ஓடுகிற வண்டி பார்க்க அழகு. பலகையின் விளிம்பில் ஒரு குழந்தையின் விரல் இருந்தால் அந்தப் பத்து விநாடி யாருக்கும் வேண்டாம். 3 வைத்தேன். அதையும் மீறி உடனே நிற்க அவசர நிறுத்தப் பட்டன் இருக்கிறது. அது எங்கே என்று வீட்டில் எல்லாருக்கும், மாமிக்கும், காட்டிக் கொடுத்தேன்.

கடைசியாக சி.வி.29-இல் இருந்த நான்கையும் கழித்து 2 ஆக்கினேன். அந்த நான்கு, பழைய முறை தண்டவாளத்திலும் எஞ்சினை ஓட அனுமதிக்கும் அமைப்பு. அது இருந்தால், ஏதாவது கோளாறில் கட்டளை கெட்டு வெறும் மின்சாரம் மட்டும் வரும்போது, எஞ்சின் தானாகத் தலைதெறிக்க ஓடக்கூடும். ஒரு கன்ட்ரோலர் மட்டுமே இருக்கும் வீட்டில் அது தேவையில்லை.

அதற்குப் பிறகு ராஜபாளையம், சிவகாசி, மதுரை என்று வாய்மொழியாகவே இந்த வேலை என்னைத் தேடி வருகிறது. பழைய ரக எஞ்சின் வந்தால், மோட்டாருக்குப் போகும் கம்பியில் இரண்டு திசைக்கும் டையோடுகளைத் தொடராகப் பற்றவைப்பேன். ஒவ்வொன்றும் சுமார் 0.7 வோல்ட்டை விழுங்கும், வேகம் அந்த அளவு குறையும். அது புல்லி மாற்றுகிற ரகம். பட்டனால் யாரும் கலைக்க முடியாது. எனக்கு அந்த முறையின் மேல் இன்றும் மரியாதை உண்டு. இரண்டு எஞ்சினைச் சேர்த்து ஒரே வண்டியை இழுக்கச் சொன்னால், வேகமானதை மெதுவானதன் அளவுக்கு இறக்குவேன். ஏற்றிப் பொருத்தப் பார்த்தால் மெதுவானது சூடாகும்.

இன்னொரு எச்சரிக்கை. சி.வி.5-இல் சுழி எழுதினால் எஞ்சின் நின்றுவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். தரவிதியில் 0 அல்லது 1 என்றால் எல்லை எதுவும் இல்லை என்று பொருள். எஞ்சின் முழு வேகத்தில் பாயும்.

வீட்டில் இப்படி ஒரு ரயில் இருந்தால், குழந்தையிடம் குமிழைக் கொடுப்பதற்கு முன் ஒரு மாலை நேரம் ஒதுக்குங்கள். டேப்பும் செல்போனும் போதும். சுற்றை அளந்து, விநாடியை எண்ணி, எல்லையை எஞ்சினுக்குள் எழுதுங்கள். எழுதிய எண்களை ஒரு தாளில் குறித்துப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டுங்கள். டிகோடரைப் பழையபடி ஆக்கிவிட்டால் எல்லாம் அழிந்துவிடும், அப்போது அந்தத் தாள்தான் துணை. மாட வீதி வீட்டுப் பெட்டியில் நான் ஒட்டியது இன்னும் இருக்கிறது: சி.வி.2 – 6, சி.வி.3 – 8, சி.வி.4 – 3, சி.வி.5 – 92, சி.வி.6 – 40, சி.வி.29 – 2. அதன் கீழே பெரியவர் தன் பேனாவால் 'உச்ச வேகம் 60' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறார்.